சூரியனுக்கு ஒரு மைப்பொட்டு

கொடைக்கானல் என்றால் உங்களுக்கு ஏரி ஞாபகம் வரும். படகு, குதிரைச் சவாரி, தூண் பாறை, பனிமூட்டத்தில் நின்றபடி தின்ற சுட்ட சோளம் எல்லாம் வரும். சூரியன் ஞாபகத்துக்கு வருமா? வராது. வெயிலிலிருந்து தப்பிக்கத்தானே அங்கே போகிறோம்!

அதே ஊரில், ஏரியைவிட இன்னும் மேலே, கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில், சூரியனைப் பார்ப்பதையே நூறு வருடத்துக்கும் மேலாக வேலையாக வைத்திருக்கிற ஓர் இடம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம். பார்ப்பது மட்டும் இல்லை. 1904-ஆம் ஆண்டு தொடங்கி, அங்கே இருந்தவர்கள் சூரியனை வரைந்தும் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஒரு படம். கையால், வண்ண வண்ண மையால்.

இந்த வேலை தொடங்கிய கதையில் ஒரு சோகம் இருக்கிறது. 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. மழை பொய்த்து, தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானவர்கள் பசியால் இறந்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது என்று யோசித்தவர்களில் சிலருக்குச் சூரியன்மேல் சந்தேகம் வந்தது. சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றி மறையும். அவை அதிகமாவதற்கும் குறைவதற்கும் ஏறத்தாழ 11 ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்குக்கும் பருவமழைக்கும் ஏதாவது முடிச்சு இருக்குமோ? தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சூரியனைத் தினமும் கவனித்தாக வேண்டும். அவர்கள் எதிர்பார்த்த மாதிரி சுலபமான முடிச்சு எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை. தினமும் கவனிக்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே ஒரு வானாய்வகம் கட்டியிருந்தார்கள். ஆனால் சமவெளியின் காற்றில் தூசி அதிகம், வெக்கை அதிகம். மிச்சி ஸ்மித் என்ற விஞ்ஞானி நீலகிரியையும் பழனி மலையையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். மலைமேல் இருந்தால் தூசி நிறைந்த காற்றின் பெரும்பகுதி காலுக்குக் கீழே போய்விடும். அதிலும் காலை நேரம் விசேஷம். தரை சூடாகிவிட்டால் அதன் மேலுள்ள காற்று அலையும். தொலைநோக்கியில் சூரியனின் விளிம்பு தண்ணீருக்குள் கிடப்பதைப் போல நெளியும். 1899-இல் சென்னை ஆய்வகத்தின் வேலைகள் மலைக்கு மாறின. மோட்டார் சாலை இல்லாத காலம் அது. கண்ணாடி வில்லைகளும் பித்தளைக் குழாய்களும் அந்த மேட்டில் எப்படி ஏறியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். ஒரு தாள். அதில் அச்சடித்த ஒரு வட்டம். பூகோள உருண்டையில் பார்ப்பீர்களே, அட்சக் கோடு, தீர்க்கக் கோடு, அதே கோடுகள் இந்த வட்டத்துக்குள்ளும் இருக்கும். அந்தக் கோடுகள் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. சில மாதங்களில் மேல் பக்கம் வளையும், சில மாதங்களில் கீழ்ப் பக்கம் வளையும். சூரியனின் அச்சு 7 பாகைக்குச் சற்று அதிகமாகச் சாய்ந்திருப்பதால், பூமி அதைச் சுற்றி வரும்போது ஒரு சமயம் அதன் வடதுருவம் நம் பக்கம் சாயும், இன்னொரு சமயம் தென்துருவம் சாயும். அந்தந்த நாளுக்குப் பொருத்தமான வட்டத்தை எடுத்து, அன்றைய சூரியனில் எது எங்கே இருந்ததோ அதை அந்தந்த இடத்தில் வரைவார்கள். கரும்புள்ளிக்கு ஒரு நிறம், அதன் அருகே உள்ள வெளிச்சத் திட்டுக்கு ஒரு நிறம், நீளமாக ஓடும் இழைக்கு ஒரு நிறம், விளிம்பில் எழும் சுடருக்கு ஒரு நிறம்.

“கேமரா இல்லாத காலமா அது?” என்று ஒருவர் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கேமரா இருந்தது! கொடைக்கானலில் அந்தக் காலத்திலேயே கண்ணாடித் தட்டுகளில் சூரியனைப் படம் எடுத்தார்கள். ஆயிரமாயிரம் தட்டுகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பிறகு எதற்குக் கையால் வேறு வரைய வேண்டும்?

ஏனென்றால் சூரியனுக்கு ஒரே ஒரு முகம் இல்லை. சாதாரண வெள்ளை ஒளியில் படம் எடுத்தால் கரும்புள்ளிகள் மட்டும் தெரியும். கால்சியம் அணுக்கள் தரும் ஊதா ஒளியை மட்டும் பிரித்து, மற்ற நிறங்களை எல்லாம் தள்ளிவிட்டுப் படம் எடுத்தால், புள்ளிகளைச் சுற்றிப் பளிச்சென்ற திட்டுகள் தெரியும். வெள்ளை ஒளியில் அவை பெரும்பாலும் கண்ணில் படாது. கொடைக்கானலில் கால்சியம் ஒளிப் படங்கள் 1904-இல் தொடங்கின. இன்னும் சில ஆண்டுகள் கழித்து, ஹைட்ரஜன் தரும் சிவப்பு ஒளியிலும் எடுக்க ஆரம்பித்தார்கள். அதில் சூரியனின் முகத்துக்குக் குறுக்கே நீளநீளமான கறுப்பு இழைகள் தெரிந்தன. ஆக ஒரே சூரியன், ஒரே காலை, ஆனால் மூன்று படங்களில் மூன்று விதமாக.

இந்த மூன்றையும் ஒரே தாளில் சேர்த்துப் பார்க்க அன்றைக்குக் கணினி ஏது? கைதான் கணினி. படங்களைப் பார்த்துப் பார்த்து, எது முக்கியம் எது கீறல், எது தூசி எது புள்ளி என்று தீர்மானித்து வரைந்தார் ஒருவர். மறுநாள் இன்னொருவர். இப்படி வரைந்த உதவியாளர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது ஒரு விசித்திரம் சொல்கிறேன். ஹைட்ரஜன் ஒளியில் கறுப்பு இழை தெரியும் என்றேன் அல்லவா? சூரியன் சுழல்கிறது. இழையும் கூடவே நகர்ந்து நகர்ந்து, சில நாட்களில் விளிம்புக்கு வந்துவிடும். விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்போது பார்த்தால், அது கறுப்பாக இருக்காது. தகதகவென்று எரியும் சுடராகத் தெரியும்! பெயரையே மாற்றி ‘விளிம்புச் சுடர்’ என்கிறோம். இழை மாறவில்லை. அதே வாயு, அதே வெப்பம். பின்னணிதான் மாறிவிட்டது. சூரியனின் பிரகாசமான முகத்துக்கு முன்னால் நின்றபோது, கீழிருந்து வந்த ஒளியில் ஒரு பங்கை அது தடுத்து நாலா பக்கமும் சிதறடித்தது. நமக்கு வந்தது குறைவு, அதனால் கறுப்பு. விளிம்பில் நிற்கும்போது அதற்குப் பின்னால் இருண்ட வானம். அந்த இருட்டின் முன்னால், சிதறி வரும் அதே ஒளி நமக்குச் சுடர்.

கரும்புள்ளியும் இப்படித்தான் நம்மை ஏமாற்றுகிறது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5500 டிகிரி செல்சியஸ். கரும்புள்ளியின் நடுப்பகுதி 3700 டிகிரி அளவில் இருக்கும். 3700 டிகிரியில் இரும்பு உருகுவது மட்டுமில்லை, கொதித்து ஆவியாகியே போய்விடும். அவ்வளவு சூட்டில் இருக்கும் ஒன்று எப்படிக் கறுப்பாக இருக்க முடியும்? கறுப்பே இல்லை. சுற்றியிருப்பது இன்னும் அதிகமாக ஒளிர்வதால் இது கறுப்பாகத் தோன்றுகிறது. ஒரு பெரிய கரும்புள்ளியை மட்டும் தனியாகப் பிய்த்து, இரவு வானில், சூரியன் இருக்கும் தூரத்திலேயே வைக்க முடிந்தால், முழுநிலவைவிடப் பல மடங்கு வெளிச்சமாக இருக்கும்.

நம்ப முடியவில்லையா? சாம்பல் நிறத் தாளிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை வெள்ளை அட்டையின் நடுவில் வையுங்கள், மற்றதைக் கறுப்பு அட்டையின் நடுவில். இரண்டும் ஒரே தாள் என்று தங்கச்சியிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவாள். வெள்ளைமேல் இருப்பது கருமையாகவும், கறுப்புமேல் இருப்பது வெளிறியும் தெரியும்.

இந்த ரகசியத்தை விஞ்ஞானிகளுக்கு வெகு காலம் முன்பே பிடித்துவிட்டவர்கள் சீனாவின் மை ஓவியர்கள். அவர்கள் நிலா வரையும் விதத்தைக் கேளுங்கள். நிலாவுக்கு வெள்ளைச் சாயமே கிடையாது. தாளின் வெள்ளையை ஒரு வட்டமாகத் தொடாமல் விட்டுவிட்டு, சுற்றிலும் நீர்த்த மையால் மேகத்தை மெல்ல மெல்லக் கறுப்பாக்குவார்கள். மேகம் இருண்டுகொண்டே போகப் போக நிலாவின் வெளிச்சம் தானாகக் கூடிக்கொண்டே வரும். நிலாவை வரைந்த தூரிகை நிலாமேல் படவே இல்லை!

அந்த மரபில் வந்த லியூ குவோசுங் என்ற ஓவியரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1932-இல் சீனாவில் பிறந்து, தைவானில் ஓவியரானவர். மலையும் அருவியும் மூங்கிலும் வரைவதுதான் சீன மை ஓவியத்தின் வழக்கம். 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 விண்கலத்தில் மூன்று பேர் நிலாவைச் சுற்றி வந்தார்கள். நிலாவின் விளிம்புக்கு மேலே பூமி எழும்பி வருவதை அங்கே படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். உலகமே வாய் பிளந்து பார்த்த படம் அது. லியூவும் பார்த்தார். அடுத்த வருடம் ‘எது பூமி?’ என்ற ஓவியத்தை வரைந்தார். அதிலிருந்து வரிசையாக விண்வெளி ஓவியங்கள். மேலே பெரிய பெரிய வட்டங்களாகச் சூரியனோ நிலாவோ மிதக்கும். கீழே அகலமான தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்த கறுப்பு வளைவு, ஒரு கோளின் முதுகு. ஆயிரம் வருடப் பழைய மையை எடுத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விட்டார் மனிதர்.

அவர் கண்டுபிடித்த ஒரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தடித்த நார்கள் ஒட்டிய சொரசொரப்பான தாளைத் தனக்காகவே தயாரிக்கச் செய்தார். அதில் மையைப் பூசுவார். பிறகு அந்த நார்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துவிடுவார். நார் மறைத்திருந்த இடங்களில் மை ஏறியிருக்காது இல்லையா? அங்கெல்லாம் நரம்பு நரம்பாக வெள்ளைக் கோடுகள் மிஞ்சும். போட்டு வந்த கோடு இல்லை, எடுத்ததால் வந்த கோடு.

கொடைக்கானலில் வரைந்தவரும் மையோடு உட்கார்ந்தார், லியூவும் மையோடு உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் எதிரே சூரியன். லியூவுக்கு ஒரு சூரியன் போதாது என்று தோன்றினால் வரிசையாக ஐந்து சூரியன் வரையலாம். படம் அழகாக வர வேண்டும், அவ்வளவுதான். கொடைக்கானல்காரருக்கு அந்த உரிமை இல்லை. சூரியன் ஒரு புள்ளிகூட இல்லாமல் துடைத்துவைத்த மாதிரி இருந்தால் படமும் அப்படியேதான் இருக்க வேண்டும். அழகுக்காக ஒரு புள்ளி சேர்த்தாலும் அது பொய்க்கணக்கு ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கட்டுப்பாட்டோடு வரைந்த அந்தத் தாள்களும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன.

சீனர்கள் சூரியப் புள்ளியைக் கவனித்த கதையும் பழையது. கி.மு. 28-ஆம் ஆண்டிலேயே சூரியனின் நடுவில் காசளவு கறுப்பு தெரிந்ததாக அரசவையில் குறித்துவைத்திருக்கிறார்கள். தொலைநோக்கி வர இன்னும் 1600 ஆண்டுகள் இருந்தன. அடிவானத்துத் தூசியும் பனிமூட்டமும் சூரியனை மங்கச் செய்யும் நேரத்தில், மிகப் பெரிய புள்ளிகள் வெறுங்கண்ணுக்கே தெரிவது உண்டு. நீங்கள் அதை முயற்சி செய்யவே கூடாது. மங்கலாக இருந்தாலும் சூரியனை நேராகப் பார்த்தால் கண் கெடும். வலிக்காமலே கெடும், அதுதான் ஆபத்து.

வெறுங்கண்ணில் காசு மாதிரி தெரிந்த புள்ளியைத் தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டு பகுதியாகத் தெரியும். நடுவில் அடர் கருமை. சுற்றிலும் சற்று வெளிறிய ஒரு வளையம். அந்த வளையத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய இழைகள். இப்போது ஈரத் தாளில் ஒரு சொட்டுக் கறுப்பு மையை வையுங்கள். நடுவில் கருமை, ஓரத்தில் இழை இழையாகப் பரவும் சாம்பல். அசல் கரும்புள்ளி! ஆனால் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் காரணமும் ஒன்றாகிவிடாது. தாளில் மை பரவுவது, தாளின் நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் நீரை இழுப்பதால். சூரியனில் தாளும் இல்லை, நீரும் இல்லை. அங்கே வேலை செய்வது காந்தம். கரும்புள்ளியில் உள்ள காந்தப்புலம் பூமியுடையதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையானது. உள்ளிருந்து கொதித்துக்கொண்டு மேலே வரும் வாயுவை அது தடுக்கிறது. சூடு மேலே வந்து சேராததால் அந்த இடம் மட்டும் ஆறிப்போய்க் கறுக்கிறது.

ஓரத்தில் வெளியே ஓடும் இழைகள் சும்மா தோற்றமா, அல்லது அங்கே உண்மையிலேயே ஏதாவது வெளிப்பக்கம் ஓடுகிறதா? இதற்கு விடை கிடைத்தது கொடைக்கானலில்தான். ஜான் எவர்ஷெட் என்பவர் 1907-இல் அங்கே வேலைக்கு வந்தார். கருவிகளைத் தானே செய்துகொள்ளும் கெட்டிக்காரர். 1909 ஜனவரி 5, பொங்கலுக்குச் சில நாள் முன்பு, கரும்புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். நிறமாலையில் இருக்கும் கறுப்புக் கோடுகள் தம் இடத்திலிருந்து இம்மியளவு நகர்ந்திருந்தன.

கோடு நகர்ந்தால் என்ன அர்த்தம்? கொடைக்கானல் மலைப்பாதையில் ஓரமாக நின்றிருக்கிறீர்களா? பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வரும். நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும்; நம்மைக் கடந்ததும் சட்டென்று கனத்துவிடும். ஒளிக்கும் இதே கதைதான். ஒளி விடும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அதன் கோடுகள் நிறமாலையின் நீலப் பக்கம் நகரும்; விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும்.

கரும்புள்ளி ஒரு சுழல்காற்று என்று நினைத்தவர்கள் அப்போது இருந்தார்கள். சுழல் என்றால் கோடுகள் ஒரு விதமாக நகர வேண்டும். எவர்ஷெட் பார்த்தது வேறு. புள்ளி சூரியனின் நட்டநடுவில் இருக்கும்போது நகர்வே இல்லை. விளிம்புக்கு அருகே போன புள்ளியில், நடுப்பக்கம் பார்த்த ஓரத்தில் நீல நகர்வு, விளிம்புப் பக்க ஓரத்தில் சிவப்பு நகர்வு. கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஒரு தட்டை எடுத்து, அதன் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே ஓடும் அம்புக்குறிகளை வரையுங்கள். தட்டை நேராகப் பிடித்தால் எந்த அம்பும் உங்களை நோக்கி வராது. சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கத்து அம்புகள் உங்களை நோக்கும், எதிர்ப்பக்கத்து அம்புகள் விலகும். அவர் பார்த்தது அதுதான்! வாயு சுழலவில்லை, புள்ளியிலிருந்து வெளியே, மேற்பரப்பை ஒட்டினாற்போல, நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க இதை இன்று ‘எவர்ஷெட் விளைவு’ என்கிறார்கள். பழனி மலையில் பிறந்த கண்டுபிடிப்பு.

அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியல் அறிஞர். தென் வானத்து விண்மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். கணவனும் மனைவியுமாகக் கொடைக்கானலில் விளிம்புச் சுடர்களை ஆராய்ந்து 1917-இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். ஆய்வக வரலாற்றில் அவர் பெயரை இன்னும் உரக்கச் சொல்லலாம் என்பது என் கட்சி.

மையைப் பற்றிப் பேசிவிட்டு மை எதனால் ஆனது என்று சொல்லாமல் விட முடியுமா? சீனர்கள் பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துப் புகைக்கரி பிடிப்பார்கள். அதை விலங்குப் பசையோடு பிசைந்து கட்டியாகக் காயவைப்பார்கள். வரையும்போது கட்டியைக் கல்லில் நீர் விட்டு உரைத்தால் மை. நம் ஊரில் அகல் விளக்குப் புகையைப் பிடித்துக் கண்மை செய்தார்கள். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தெரிவதற்காகக் கரி கலந்த மையைத் தடவினார்கள். சீனாவானாலும் தமிழ்நாடானாலும் கறுப்பு ஒன்றுதான்: கார்பன். வெயில் பட்டாலும் அது வெளுக்காது. அதனால்தான் அந்தச் சீன ஓவியங்கள் ஆயிரம் வருடம் கழித்தும் கறுப்பு மாறாமல் இருக்கின்றன.

அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது? மரத்திலிருந்து. மரத்துக்கு? காற்றிலிருந்து. காற்றுக்கும் பூமிக்கும்? இங்கேதான் வானத்தைப் பார்க்க வேண்டும். நம் சூரியன் இப்போது தன் மையத்தில், 1.5 கோடி டிகிரி சூட்டில், ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. கார்பன் செய்ய அந்தச் சூடு போதாது. ஏறத்தாழ 10 கோடி டிகிரி வேண்டும். அப்போதுதான் மூன்று ஹீலியம் கருக்கள் ஒன்றுகூடி ஒரு கார்பன் கரு ஆகும். வயதாகிப் பெருத்த விண்மீன்களின் வயிற்றில் இது நடக்கிறது. நம் சூரியன் பிறப்பதற்கு முன்பே வாழ்ந்து முடித்த விண்மீன்கள் அப்படிச் செய்து ஊதித் தள்ளிய கார்பன்தான் பூமிக்கும் வந்தது, சூரியனுக்கும் போனது. ஆகவே லியூ கறுப்பு மையைத் தொட்டு விண்மீன் வரைந்தபோது, அவர் தூரிகை நுனியில் இருந்ததும் விண்மீன் சமைத்த சரக்குதான். நம் சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகள் போனால் கார்பன் செய்யத் தொடங்கும். அவசரம் இல்லை.

கொடைக்கானல் தாள்களுக்குத் திரும்புவோம். அவற்றில், வரைந்தவர்களுக்கே தெரியாத ஒரு செய்தி ஒளிந்திருந்தது. ஹைட்ரஜன் ஒளியில் தெரியும் கறுப்பு இழைகள் கண்ட இடத்தில் தொங்குவது இல்லை. சூரியனின் மேற்பரப்பில் சில பகுதிகள் காந்தத்தின் வடமுனை, சில பகுதிகள் தென்முனை. இந்த இரண்டு வகைப் பகுதிகள் சந்திக்கும் எல்லைக் கோட்டுக்கு மேலேதான் இழை தொங்கும். சூரியனின் காந்தப்புலத்தை முழு வட்டத்துக்கும் அளந்து வரைபடம் போடும் கருவி 1950-களில்தான் வந்தது. அதற்கு முன்னால் சூரியனின் காந்தம் எப்படி மாறிக்கொண்டிருந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1915-இல் யாரோ ஒருவர் மலைக்குளிரில் உட்கார்ந்து பொறுமையாக ஓர் இழையை வரைந்தாரே, அவர் தனக்குத் தெரியாமலே ஒரு காந்த எல்லையை வரைந்துகொண்டிருந்தார்!

இழைகளில் ஒரு பகுதி ஆண்டுக்கு ஆண்டு மெல்லத் துருவத்தை நோக்கி நகர்ந்து போகும். அவை துருவத்தைத் தொடும் காலத்தில் சூரியனின் வடமுனையும் தென்முனையும் இடம் மாறிக்கொள்ளும். 11 ஆண்டுக்கு ஒரு தடவை இது நடக்கும். 1980-களில் கொடைக்கானல் விஞ்ஞானிகளும் ரஷ்ய விஞ்ஞானிகளும் சேர்ந்து பழைய பதிவுகளை எடுத்து, எந்தெந்த ஆண்டில் முனைகள் மாறின என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். இப்போது அந்தத் தாள்களை ஸ்கேன் செய்துவிட்டார்கள். எது இழை, எது புள்ளி என்று நிறத்தையும் வடிவத்தையும் வைத்துக் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கையெழுத்து மாதிரி ஒவ்வொருவர் வரைந்ததும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் கணினி முதலில் திணறத்தான் செய்யும்.

கொடைக்கானலுக்குப் போனால் ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே சுரங்கத் தொலைநோக்கி என்று ஒன்றும் உண்டு. 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிகள். சூரிய ஒளியை அவை பிடித்துக் கீழே அனுப்ப, அது 60 மீட்டர் நீளமான சுரங்கத்துக்குள் படுக்கையாகப் பயணம் செய்யும். கடைசியில் விழும் சூரியனின் பிம்பம் 34 சென்டிமீட்டர் அகலம். அந்த அளவில் நம் பூமி எவ்வளவு இருக்கும் தெரியுமா? 3 மில்லிமீட்டர்தான். சாதாரணமான கரும்புள்ளிகூடப் பல சமயம் நம் பூமியை விழுங்கும் அளவுக்கு இருக்கும்.

நீங்களும் வரையலாம். பள்ளியில் சிறு தொலைநோக்கி இருந்தால், ஆசிரியரை வைத்துக்கொண்டு, கண்ணை அதன் பக்கமே கொண்டுபோகாமல், சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்யுங்கள். தொலைநோக்கி இல்லையா? சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, அரை சென்டிமீட்டர் ஓட்டை போட்ட தாளால் மூடுங்கள். வெயிலைப் பிடித்து, 20 மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் அடியுங்கள். ஓட்டை எந்த வடிவமாக இருந்தாலும் சுவரில் வட்டமாக, ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியன் விழும். இதில் சிறிய புள்ளி எதுவும் தெரியாது. ரொம்பப் பெரிய புள்ளிக்கூட்டம் இருக்கிற நாளில் மட்டும் மங்கலாக ஒரு கறை தெரியலாம். கண்ணாடியின் வெயில் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் வேண்டவே வேண்டாம்.

சுவரில் விழும் வட்டத்தைத் தாளில் வாங்கி, விளிம்பை ஒட்டி வரையுங்கள். புள்ளி தெரிந்தால் மை வையுங்கள். தாளின் மூலையில் தேதியும் நேரமும் எழுதுங்கள். மறுநாளும் அதே நேரத்தில் வரையுங்கள். மேகம் மறைத்துவிட்டால் தாளில் ‘மேகம்’ என்று எழுதிவிட்டு, வட்டத்தை வெறுமையாக விடுங்கள். நேற்றைய புள்ளியைப் பார்த்து இன்றைக்கு இங்கே இருக்கும் என்று ஊகித்து வைக்காதீர்கள். மேகம் விலகிய பிறகு, புள்ளி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு 13 பாகை சொச்சம். உங்கள் கணக்கு எவ்வளவு வருகிறது?